எட்டு நொடிகள்

நுழையும்முன்

பள்ளி மணி ஒலித்த பின் வகுப்பறைக்குள் நுழைய எட்டு நொடிகள் தாமதமானால், நாம் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், மூன்று வாரங்களாக 3,285 கிலோமீட்டர் தொலைவு நடைபெற்ற ஒரு மிதிவண்டிப் பந்தயத்தின் முடிவை அதே எட்டு நொடிகள்தாம் தீர்மானித்தன. அப்பந்தயத்தில் வென்றவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் சாவின் விளிம்பு வரை சென்று திரும்பியவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

சாலையே ஆடுகளம்

மிதிவண்டி நமக்குப் புதியதன்று. நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், காலையில் பால் கொண்டுவருபவரும் செய்தித்தாள் போடுபவரும் மிதிவண்டியில் வருவதைக் கண்டிருப்போம். பேச்சில் அதனைச் சைக்கிள் என்கிறோம். இரண்டு உருளைகளை உடையதாதலின் ஈருருளி என்னும் பெயரும் அதற்கு உண்டு. இவ்வெளிய ஊர்தியைக் கொண்டு உலகின் மிகக் கடினமான விளையாட்டுகளுள் ஒன்று நடத்தப்படுகிறது. அதுவே சாலை மிதிவண்டிப் பந்தயம்.

இவ்வகைப் பந்தயங்களுள் புகழ்மிக்கது பிரான்சு நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் டூர் டி பிரான்ஸ். செய்தித்தாள் ஒன்று தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டு 1903ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களின்போது மட்டும் இப்பந்தயம் நின்றது. மூன்று வாரங்கள் நடைபெறும் இப்போட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் ஆகும். சமவெளி, குன்று, ஆல்ப்சு மலை, பிரெனே மலை ஆகிய அனைத்தையும் வீரர்கள் கடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் முடிக்க ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி வருவர். மொத்த நேரம் எவருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். அன்றன்று முன்னணியில் இருப்பவர் மஞ்சள் நிறச் சட்டை அணிவார். இவ்வழக்கம் 1919ஆம் ஆண்டில் தொடங்கியது.

இது தனி மனிதரின் போட்டி போலத் தோன்றினும் உண்மையில் அணிகளின் போட்டியே ஆகும். விரைந்து செல்லும் வீரருக்குப் பெரும் பகையாக நிற்பது காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே, ஒருவர் முன்னே சென்று காற்றைக் கிழிக்க, மற்றொருவர் அவருக்கு நெருங்கிப் பின்னால் சென்றால், பின்செல்பவரின் உழைப்பு பெரிதும் குறையும். இதன் காரணமாக, அணியினர் முறை வைத்து முன்னே சென்று தம் தலைவரைக் காப்பர். அவருக்குத் தண்ணீரும் உணவும் கொண்டுவந்து தருவர். தம் வெற்றி வாய்ப்பை விட்டுக்கொடுத்துத் தலைவரை வெல்லச் செய்வதே அவர்களுடைய கடமை.

பனிமலையிலிருந்து சாலைக்கு

கிரெக் லெமாண்ட் 1961ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய குடும்பம் பின்னர் நெவாடா மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் குடியேறியது. இளமையில் அவர் விரும்பிய விளையாட்டு பனிச்சறுக்கு. பனியில்லாத காலத்தில் கால்களின் வலிமை குன்றாதிருக்க மிதிவண்டி ஓட்டுவது நல்லது என்னும் அறிவுரையைக் கேட்டு அவர் மிதிவண்டியில் ஏறினார். துணைக்கு வந்த விளையாட்டே முதன்மை விளையாட்டாயிற்று.

1979ஆம் ஆண்டில் இளையோருக்கான உலகச் சாலைப் பந்தயத்தில் அவர் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு அமெரிக்க அணியில் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால், அமெரிக்கா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவ்வாய்ப்பு கைநழுவியது. 1981இல், இருபது வயது நிறையும் முன்பே, பிரான்சு நாட்டு அணி ஒன்றில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் இவ்விளையாட்டு பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அணியின் பேச்சும் திட்டங்களும் பிரெஞ்சு மொழியிலேயே நடைபெற்றன. மொழி புதிது, உணவு புதிது, பழக்கவழக்கமும் புதிது. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியும் பேசி வளரும் உங்களுக்கு இந்நிலை எத்தகையது என்பது நன்கு தெரியும். லெமாண்ட் பிரெஞ்சு மொழியைக் கற்று, அதிலேயே செய்தியாளர்களுக்கு விடையளிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். 1983ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற உலகச் சாலைப் பந்தயத்தில் வென்றார். தொழில்முறை ஆடவர் பிரிவில் இப்பட்டம் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. 1984இல் தாம் பங்கேற்ற முதல் டூரிலேயே மூன்றாம் இடம் பெற்றார்.

விட்டுக்கொடுத்தலும் வெல்லுதலும்

1985ஆம் ஆண்டில் லெமாண்ட் ஓட்டிய அணிக்குத் தலைவர் பெர்னார் இனோ. அவர் அதற்கு முன்பே நான்கு முறை டூரை வென்றவர். அவ்வாண்டுப் பந்தயத்தின் நடுவே இனோ கீழே விழுந்து மூக்கெலும்பு முறிந்தது. மலைக்கட்டம் ஒன்றில் அவர் பின்தங்க, லெமாண்ட் முன்னணிக் குழுவில் சென்றுகொண்டிருந்தார். முயன்றிருந்தால் மஞ்சள் சட்டை அவருக்கே கிடைத்திருக்கக்கூடும். ஆனால், தலைவரைத் தாக்கிச் செல்லலாகாது என்று அணியின் பயிற்றுநர்கள் பணித்தனர். லெமாண்ட் வருத்தத்துடன் அதற்குக் கட்டுப்பட்டார். இனோ எவ்வளவு பின்தங்கியிருந்தார் என்பது தமக்குச் சரியாகக் கூறப்படவில்லை என்று அவர் பின்னர்க் குறைப்பட்டுக்கொண்டார். இனோ ஐந்தாம் முறையாக வென்றார். லெமாண்ட் 1 நிமிடம் 42 நொடி பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு தாம் லெமாண்டுக்குத் துணை நிற்பதாக இனோ வாக்களித்தார்.

1986ஆம் ஆண்டு வந்தது. வாக்களித்த இனோவே பிரெனே மலைப்பகுதியில் முந்திச் சென்று, லெமாண்டைவிட ஐந்து நிமிடங்களுக்கும் மேல் முன்னிலை பெற்றார். ஓர் அணிக்குள்ளேயே இருவர் போட்டியிடும் நிலை உண்டாயிற்று. பிரெஞ்சு மக்களுள் பலர் தம் நாட்டவரான இனோவே வெல்ல வேண்டும் என விரும்பினர். லெமாண்ட் மனம் தளரவில்லை. இழந்த நேரத்தை மலைகளில் சிறிது சிறிதாக மீட்டார். ஆல்ப்சு மலையில் மஞ்சள் சட்டையைப் பெற்றார். அடுத்த நாள் புகழ்பெற்ற ஆல்ப் டூயெஸ் மலையின் உச்சியை இருவரும் கைகோத்தபடி அடைந்தனர். பாரிசில் பந்தயம் முடிந்தபோது லெமாண்ட் 3 நிமிடம் 10 நொடி முன்னிலையில் வென்றார். ஐரோப்பாவிற்கு வெளியிலிருந்து வந்து டூரை வென்ற முதல் வீரர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

சாலை மறைந்த நாள்

வெற்றி பெற்று ஒன்பது மாதங்களே கடந்திருந்தன. 1987ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கலிபோர்னியாவில் உறவினருடன் வான்கோழி வேட்டைக்குச் சென்றார் லெமாண்ட். புதர் மறைவில் இருந்த அவரை வேட்டைப் பறவை எனக் கருதி, உடன் வந்த உறவினர் ஒருவர் தவறுதலாகச் சுட்டுவிட்டார். ஏறத்தாழ 60 சிறு ஈயக் குண்டுகள் அவருடைய முதுகிலும் பக்கவாட்டிலும் பாய்ந்தன. ஒரு நுரையீரல் சுருங்கியது. குருதி பெருகி வழிந்தது. வேறொரு பணிக்காக அப்பகுதியில் பறந்துகொண்டிருந்த காவல்துறை ஹெலிகாப்டர் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. இன்னும் சிறிது நேரம் தாழ்ந்திருப்பின் குருதி இழப்பினால் அவர் உயிர் பிரிந்திருக்கும்.

மருத்துவர்கள் அவரைக் காப்பாற்றினர். எனினும், முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளை வெளியே எடுக்க இயலவில்லை. அவற்றுள் சில இதயத்தைச் சூழ்ந்த உறையிலேயே தங்கின. 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவர் டூரில் பங்கேற்கவில்லை. பழைய வலிமை திரும்பாது எனப் பலரும் கருதினர். பெரிய அணிகள் அவரை நாடவில்லை. 1989இல் பெல்சிய நாட்டின் சிறிய அணி ஒன்றில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அவ்வாண்டு நடைபெற்ற ஜிரோ டி இத்தாலியா என்னும் இத்தாலியப் பந்தயத்தில் மலைகளில் அவர் பெரிதும் பின்தங்கினார். ஆனால், இறுதி நாளில் நடந்த தனிநேர ஓட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றார். உடல் மீண்டு வருகிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

ஐம்பது நொடி இடைவெளி

1989ஆம் ஆண்டு டூர் சூலை முதல் நாள் லக்சம்பர்க்கில் தொடங்கியது. முந்தைய ஆண்டு வெற்றியாளரான ஸ்பெயின் நாட்டின் பெத்ரோ தெல்கதோ, தொடக்க மேடைக்கு 2 நிமிடம் 40 நொடி தாமதமாக வந்தார். கடிகாரம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. மிதிவண்டியில் ஏறும் முன்பே அவ்வளவு நேரத்தையும் அவர் இழந்தார்.

எஞ்சிய போட்டி இருவருக்கிடையே நிகழ்ந்தது. ஒருவர் லெமாண்ட்; மற்றவர் 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் டூரை வென்ற பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன். மஞ்சள் சட்டை இவர்களுக்கிடையே மாறி மாறிச் சென்றது. தனிநேர ஓட்டங்களில் லெமாண்ட் அதனைப் பெற்றார். மலைகளில் ஃபின்யோன் மீட்டார். இறுதி நாள் விடிந்தபோது ஃபின்யோன் 50 நொடிகள் முன்னிலையில் இருந்தார்.

வழக்கமாக டூரின் கடைசிக் கட்டத்தில் முன்னணி இடம் மாறுவதில்லை. ஆனால், பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டான அவ்வாண்டில், வெர்சாய் நகரிலிருந்து பாரிசின் ஷான்ஸ் எலிசே பெருவீதி வரை 24.5 கிலோமீட்டர் தனிநேர ஓட்டம் இறுதியாக அமைக்கப்பட்டிருந்தது. தனிநேர ஓட்டத்தில் துணை நிற்க எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே புறப்பட்டுக் காற்றைத் தாமே எதிர்கொள்ள வேண்டும். லெமாண்ட் வெல்ல வேண்டுமாயின் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஃபின்யோனைவிட இரண்டு நொடிகளுக்கு மேல் முந்த வேண்டும். அது நடவாது என்றே பெரும்பாலோர் நம்பினர்.

இருவரும் வந்து நின்ற கோலமே வேறுபட்டிருந்தது. லெமாண்ட் காற்றை எளிதில் விலக்கும் வடிவமுடைய தலைக்கவசம் அணிந்திருந்தார். அவருடைய மிதிவண்டியில் முழங்கைகளை ஊன்றி, கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கும் புதுவகைக் கைப்பிடி பொருத்தப்பட்டிருந்தது. அதனை வடிவமைத்தவர் ஓர் அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்றுநர். பனிச்சரிவில் இறங்குபவர் உடலைக் குறுக்கி, கைகளை முன்னே சேர்த்துக் காற்றின் தடையைக் குறைப்பதுபோல, இக்கைப்பிடியும் வீரரின் உடலைக் குறுக்கியது. இளமையில் பனிச்சறுக்கிய லெமாண்டுக்கு அந்நிலை அயலானதன்று. ஃபின்யோனோ பழைய வகைக் கைப்பிடியுடன், தலைக்கவசமின்றி, பின்னால் கட்டிய கூந்தல் காற்றில் அசையப் புறப்பட்டார். இருக்கையில் அமர்வதே துன்பமாகும் அளவுக்குப் புண் ஒன்று அவரை வருத்திக்கொண்டிருந்தது.

தமக்கு இடைநேரங்களை அறிவிக்க வேண்டா என்று லெமாண்ட் தம் அணியினரிடம் கேட்டுக்கொண்டார். தம் முழு வலிமையையும் செலுத்துவது ஒன்றே அவர் கருத்தாயிருந்தது. 26 நிமிடம் 57 நொடியில் அவர் இலக்கை அடைந்தார். சராசரி வேகம் மணிக்கு 54.5 கிலோமீட்டர். பின்னர் அவர் செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே. ஃபின்யோன் பெருவீதியில் விரைந்து வந்துகொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் நொடிகள் எண்ணப்பட்டன. ஃபின்யோன் எல்லைக்கோட்டைக் கடந்தபோது அவர் எடுத்துக்கொண்ட நேரம் 27 நிமிடம் 55 நொடி. அன்று மட்டும் லெமாண்ட் 58 நொடிகள் முந்தியிருந்தார். ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பது கழிய எஞ்சியவை எட்டு நொடிகள். ஃபின்யோன் களைப்பாலும் துயராலும் தரையில் சரிந்தார்.

லெமாண்டின் மொத்த நேரம் 87 மணி 38 நிமிடம் 35 நொடி. ஆடவர் டூரின் வரலாற்றில் இவ்வளவு சிறிய இடைவெளியில் அதற்கு முன்னும் பின்னும் எவரும் வென்றதில்லை.

வெற்றிக்குப் பின்

அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் பிரான்சின் சாம்பேரி நகரில் மழையில் நடந்த உலகச் சாலைப் பந்தயத்திலும் லெமாண்ட் வென்றார். 1990இல் ஒரு கட்டத்தில்கூட முதலிடம் பெறாமலே, மொத்த நேரத்தில் முந்தி மூன்றாம் முறையாக டூரை வென்றார். அதன்பின் அவர் உடல் தளர்ந்தது. 1994இன் இறுதியில் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

அக்காலத்தில் குருதியின் இயல்பையே மாற்றும் ஊக்கமருந்துகள் இவ்விளையாட்டில் பரவின. 2001ஆம் ஆண்டில், புகழின் உச்சியில் இருந்த தம் நாட்டு வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு உள்ளான மருத்துவர் ஒருவருடன் கொண்டிருந்த தொடர்பை லெமாண்ட் வெளிப்படையாகக் குறை கூறினார். பொறாமையால் பேசுகிறார் எனப் பலர் அவரைத் தூற்றினர். அவருடைய மிதிவண்டி வணிகமும் பாதிக்கப்பட்டது. ஆயினும் அவர் தம் கருத்தைக் கைவிடவில்லை. 2012இல் ஆம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து பயன்படுத்தியமை உறுதிப்பட்டு, அவருடைய ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டுப் பட்டத்தை மற்றோர் அமெரிக்கரும் அவ்வாறே இழந்திருந்தார். இன்று டூர் பட்டியலில் நிலைத்திருக்கும் ஒரே அமெரிக்க ஆடவர் லெமாண்டே. அமெரிக்க நாடாளுமன்றத்தின் உயரிய தங்கப் பதக்கம் 2020ஆம் ஆண்டில் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இருமுறை டூரை வென்ற ஃபின்யோன், தாம் தோற்ற அந்த எட்டு நொடிகளைப் பற்றியே மக்கள் தம்மிடம் கேட்கின்றனர் என வருந்தியதுண்டு. அவர் 2010இல் புற்றுநோயால் மறைந்தார். வென்றவரின் உழைப்பைப் போற்றும் நாம், மூன்று வாரங்கள் அவருக்கு ஈடுகொடுத்து ஓட்டியவரின் உழைப்பையும் மதிக்க வேண்டும். அவ்விருவரும் இணைந்தே அப்பந்தயத்தை வரலாறு ஆக்கினர்.

தெரிந்து தெளிவோம்

மணிக்கு 54.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 15 மீட்டர் கடப்பார். எனவே, எட்டு நொடிகள் என்பது ஏறத்தாழ 120 மீட்டர் தொலைவு ஆகும். 3,285 கிலோமீட்டரில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவே.

சொல்லும் பொருளும்

கட்டம் – பந்தயத்தின் ஒரு நாள் பகுதி
குருதி – இரத்தம்
ஈடுகொடுத்தல் – சமமாக நின்று எதிர்கொள்ளுதல்
தனிநேர ஓட்டம் – ஒவ்வொருவரும் தனியே ஓட்டி நேரம் கணக்கிடப்படும் போட்டி
தூற்றுதல் – பழித்துப் பேசுதல்
பயிற்றுநர் – பயிற்சி அளிப்பவர்
புறக்கணித்தல் – ஏற்காது ஒதுக்குதல்

மொழியை அறிவோம்

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஓர்’ என்பதும், உயிர்மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஒரு’ என்பதும் வரும்.
எடுத்துக்காட்டு: ஓர் அணி, ஒரு கட்டம்

கோடிட்ட இடங்களில் ஒரு அல்லது ஓர் எழுதுக.
1. ______ ஆண்டு
2. ______ நொடி
3. ______ ஈருருளி
4. ______ மலை
5. ______ உறவினர்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. டூர் டி பிரான்ஸ் தொடங்கப்பட்ட ஆண்டு ______
(க) 1903 (ங) 1919 (ச) 1961
2. தொடக்க மேடைக்குத் தாமதமாக வந்தவர் ______
(க) இனோ (ங) தெல்கதோ (ச) ஃபின்யோன்
3. ‘ஈருருளி’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______
(க) ஈரு + உருளி (ங) ஈர் + உருளி (ச) ஈர் + ருளி

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மஞ்சள் சட்டை யாருக்கு வழங்கப்படும்?
2. அணியினர் தம் தலைவருக்கு முன்னே செல்வது ஏன்?
3. 1989ஆம் ஆண்டின் இறுதிக் கட்டம் வழக்கத்திற்கு மாறாக அமைந்தது எவ்வாறு?

இ. ஐந்தாறு தொடர்களில் விடை தருக.
1. இறுதி நாளில் லெமாண்டுக்கும் ஃபின்யோனுக்கும் இருந்த வேறுபாடுகளை எழுதுக.
2. ஊக்கமருந்துக்கு எதிராகப் பேசியதால் லெமாண்ட் அடைந்த இழப்புகள் யாவை? அவர் பேசியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
1985இல் நீங்கள் லெமாண்டின் இடத்தில் இருந்திருந்தால், பயிற்றுநரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருப்பீர்களா? முன்னேறிச் சென்றிருப்பீர்களா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், அவர் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றித் தமிழில் கேட்டறிக. எந்த ஊரில் கற்றார், யார் கற்றுக்கொடுத்தார், முதன்முதலில் எங்கே ஓட்டிச் சென்றார் என்பனவற்றைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.